இரும்பு வந்து 150 வருஷம் கழிச்சுத்தான் மொட்டைக் கட்டிடம் வந்துச்சு, ஏன் அவ்ளோ லேட்டு?

மாடர்ன் ஆர்க்கிடெக்சர் எப்படி வந்துச்சுன்னு கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வாங்க, இரும்பு வந்துச்சு, கண்ணாடி வந்துச்சு, கான்கிரீட் வந்துச்சு, அதனால பழைய தூண், வளைவு, பூவேலை எல்லாம் போயி வெள்ளைச் சுவரும் பெரிய ஜன்னலும் தட்டைக் கூரையும் வந்துச்சுன்னு. பாதி சரி. மீதிப் பாதி வருஷக் கணக்குல இடிக்குது. இங்கிலாந்துல செவர்ன் ஆத்து மேல முழுக்க வார்ப்பிரும்புலயே பாலத்தைத் தூக்கி நிறுத்தினது 1779. ஜெர்மனியில டெஸ்ஸாவ் ஊர்ல பவுஹவுஸ்ங்கற கலைப் பள்ளிக்கூடத்தோட மொட்டைக் கட்டிடம் திறந்தது 1926. நடுவுல கிட்டத்தட்ட 150 வருஷம். பொருள் கையில இருக்கு, செய்யத் தெரிஞ்ச ஆளும் இருக்காங்க, ஆனா கட்டிடத்தோட மூஞ்சி மட்டும் மாறல.

அந்த நடு 150 வருஷத்துல மெஷின் ரெண்டு வேலை பார்த்துச்சு. ஒண்ணு, பெருசா, உசரமா, வெளிச்சமா கட்டற வசதியைக் குடுத்துச்சு. இது எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணு, அலங்காரத்தை அடிமாட்டு விலைக்குக் கொண்டு வந்து அதோட மரியாதையைக் காலி பண்ணுச்சு. இந்த ரெண்டாவதைப் பத்தித்தான் யாரும் அதிகம் பேசறதில்ல, ஆனா மொட்டைச் சுவர் வந்ததுக்கு அதுதான் பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல இரும்பு

இரும்பு காலங்காலமா இருக்கற பொருள்தான், ஆனா உருக்கறதுக்கு மரக்கரி வேணும், மரக்கரிக்கு காடு வேணும், அதனால விலை ஜாஸ்தி. 1709ல கோல்புரூக்டேல்ல ஆபிரகாம் டார்பிங்கறவர் மரக்கரிக்குப் பதிலா நிலக்கரியிலேர்ந்து எடுக்கற கோக் வச்சு இரும்பை உருக்கிக் காட்டினாரு, அதுக்கப்புறம் மெல்ல மெல்ல இரும்பு விலை இறங்கி, அவரோட பேரன் காலத்துல அந்தப் பாலம். சுமார் 30 மீட்டர் அகலத்தை ஒரே வளைவுல தாண்டுது. அதுல ஒரு வேடிக்கை என்னன்னா இரும்புத் துண்டுகளை இணைச்ச விதம், எல்லாம் தச்சு வேலையில வர்ற மாதிரி துளையும் நாக்கும் ஆப்பும். அதுவரைக்கும் யாரும் இரும்புல இவ்ளோ பெருசா எதையும் இணைச்சதில்ல, தெரிஞ்ச வித்தை மர வித்தைதான், அதை அப்படியே இரும்புல செஞ்சுட்டாங்க.

அடுத்து மில்லுங்க. பஞ்சு நூல் மில்லுல மரத் தளம், எண்ணெய் ஊறின மெஷின், காத்துல பறக்கற பஞ்சுத் தூசி, மெழுகுவத்தி வெளிச்சம். தீப்பிடிக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். அதனால 1797ல ஷ்ரூஸ்பரியில சார்லஸ் பேஜ்ங்கறவர் ஒரு ஆளி நூல் மில்லுக்கு மரத்தையே எடுத்துட்டு இரும்புத் தூண், இரும்பு பீம், நடுவுல செங்கல் வளைவுன்னு கட்டினாரு. உலகத்துலயே முதல் இரும்புச் சட்டக் (ஃபிரேம்) கட்டிடம்னு அதைத்தான் சொல்றாங்க, இன்னிக்கு நிக்கற ஸ்கைஸ்கிரேப்பருக்கெல்லாம் அதுதான் பாட்டன். ஆனா அன்னிக்கு யாரும் அதை ஒரு கலைப்படைப்பா மதிக்கல. மில்லு மில்லுதான். சர்ச், அரண்மனை, கோர்ட்டு இதெல்லாம்தான் ஆர்க்கிடெக்சர், அது ஆர்க்கிடெக்ட்டோட வேலை, மில்லும் பாலமும் ரயில் ஷெட்டும் இஞ்சினியரோட வேலை, ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருந்தாலும் வேற வேற உலகத்துல இருந்தாங்க.

இந்தப் பிரிவினையை கண்ணால பார்க்கணும்னா லண்டன் செயின்ட் பேங்க்ராஸ் ஸ்டேஷன் போதும். பின்னாடி ரயில் நிக்கற ஷெட்டு, வில்லியம் பார்லோங்கற இஞ்சினியர் 1868ல கட்டினது, நடுவுல ஒரு தூண் கிடையாது, சுமார் 73 மீட்டர் அகலத்துக்கு ஒரே இரும்பு வளைவு, அன்னிக்கு உலகத்துலயே பெரிய அகலம். முன்னாடி 1873ல திறந்த ஹோட்டல், ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டோடது, கூம்புக் கோபுரம், கூர் வளைவு, கோத்திக் பாணியில ஏதோ 600 வருஷத்துக்கு முந்தி கட்டின மாதிரி. முன்பக்கம் ஊருக்கு, பின்பக்கம் ரயிலுக்கு. (அந்த ஷெட்டுக்கு அடியில இருக்கற கிடங்குல தூணுக்குத் தூண் எவ்ளோ இடைவெளின்னு முடிவு பண்ணினது எதை வச்சுன்னா பீர் பீப்பாய் சைஸை வச்சு, பர்ட்டன் ஊர்லேர்ந்து ரயில்ல வர்ற பீரை அங்கதான் அடுக்குவாங்க. ஆர்க்கிடெக்ட்டுங்க கிரேக்கக் கோயில் விகிதத்தைப் பத்தி சண்டை போட்டுக்கிட்டு இருந்த அதே காலத்துல இது.) நம்ம பக்கம் பம்பாய் விக்டோரியா டெர்மினஸ், 1888, அதுவும் இதே குடும்பம்தான்.

சுவர் தாங்குதா, சட்டம் தாங்குதா

புதுசா படிக்கறவங்க இந்த ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டா மீதியெல்லாம் சுலபம். பழைய கட்டிடத்துல சுவர்தான் எல்லா வெயிட்டையும் தாங்கும், லோடு பேரிங்னு சொல்றோமே அது. உசரம் கூடக் கூட அடிச்சுவர் தடிக்கணும், ஜன்னல் பெருசா வச்சா சுவர் பலம் குறையும், அதனால சின்னச் சின்ன ஜன்னல். சட்டக் கட்டிடம் பந்தல் மாதிரி. கால்தான் நிக்குது, காலும் குறுக்குக் கழியும்தான் தாங்குது, சுத்திக் கட்டற துணி சும்மா மறைப்பு, அவுத்துட்டாலும் பந்தல் விழாது. சுவருக்கு வேலையே இல்லன்னு ஆனப்புறம் அந்த இடத்துல செங்கல் வைக்கலாம், கண்ணாடி வைக்கலாம், ஒண்ணுமே வைக்காமயும் விடலாம்.

இதை முதல்முதல்ல லட்சக்கணக்கான ஜனம் உள்ள நடந்து பார்த்தது லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல, 1851. உலகக் கண்காட்சிக்கு ஹால் வேணும்னு டிசைன் கேட்டாங்க, 245 டிசைன் வந்துச்சு, ஒண்ணும் ஒத்து வரல. கமிட்டியே ஒண்ணு வரைஞ்சாங்க, கோடிக்கணக்குல செங்கல் கேக்கற டிசைன், அதைக் கட்டி முடிச்சு திரும்ப இடிக்கறதுக்குள்ள விடிஞ்சுரும். அப்ப ஜோசப் பாக்ஸ்டன் வந்தாரு. ஆர்க்கிடெக்ட் இல்ல, தோட்டக்காரர். சாட்ஸ்வொர்த் பிரபு வீட்டுத் தோட்டத்துல 1849ல ஒரு ராட்சச அல்லியைப் பூக்க வச்சு, அதுக்கு கண்ணாடி வீடும் கட்டின மனுஷன். அவர் போட்ட கணக்கு ரொம்ப சிம்பிள், ஃபாக்டரியில செய்ய முடிஞ்ச பெரிய கண்ணாடி எது, 49 இஞ்ச் நீளம், சரி, அதுலேர்ந்து ஆரம்பிப்போம், மொத்தக் கட்டிடமும் அந்தக் கண்ணாடியோட மடங்குதான். ஒரே மாதிரி தூண், ஒரே மாதிரி பீம், ஊருக்கு வெளிய ஃபாக்டரியில செஞ்சு ரயில்ல கொண்டு வந்து மாட்டறது மட்டும்தான் சைட்டுல வேலை. தூணெல்லாம் உள்ள குழாய், கூரையில விழற மழைத் தண்ணி அது வழியாவே கீழ இறங்கிரும். கிட்டத்தட்ட 3 லட்சம் கண்ணாடி, அரை கிலோமீட்டருக்கு மேல நீளம், ஹைட் பார்க்ல நின்ன பெரிய எல்ம் மரத்தை வெட்டாம அது மேலயே கூரை போட்டாங்க, ஒரு வருஷத்துக்குள்ள மொத்தமும் முடிஞ்சுது. கண்காட்சி முடிஞ்சதும் கழட்டி சிடன்ஹாம்ல கொண்டுபோய் திரும்ப மாட்டி 1854ல திறந்தாங்க, 1936ல தீப்பிடிச்சு எரியற வரைக்கும் அங்கதான் இருந்துச்சு. இன்னொண்ணும் சொல்லணும், கண்ணாடி மேல இங்கிலாந்துல கடுமையான வரி இருந்துச்சு, அதை 1845ல எடுத்தாங்க, எடுக்காம இருந்திருந்தா பாக்ஸ்டன் என்ன வரைஞ்சிருந்தாலும் பேப்பர்லயே கிடந்திருக்கும். வரி விஷயமெல்லாம் கட்டிடக்கலை புத்தகத்துல ஒரு வரியில போயிரும், எனக்கு அது பெரிய விஷயமாத்தான் படுது.

ஆனா அன்னிக்கு ரசனை உள்ளவங்க என்ன சொன்னாங்க? கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் இதை ஒரு பெரிய செடி வீடுன்னு சொல்லித் தள்ளிட்டாரு. அறுபது லட்சம் பேர் வந்து வாயைப் பொளந்து பார்த்தாங்க, ஆனா திரும்பிப் போயி வீடு கட்டும்போது யாரும் அப்படிக் கட்டல.

அலங்காரம் எப்படி மானம் கெட்டுச்சு

அந்தக் கண்ணாடி வீட்டுக்குள்ள என்ன வச்சிருந்தாங்கன்னு பார்த்தாத்தான் கதையோட அடுத்த பாதி புரியும். வெளிய அவ்ளோ சிம்பிளான கட்டிடம், உள்ள வச்ச சாமானெல்லாம் பூவும் இலையும் சிங்கமும் தேவதையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு. நாற்காலிக் கால், விளக்கு, கத்திரிக்கோல், எதை எடுத்தாலும் சும்மா விடல. காரணம் மெஷின். ஒரு இலையை மரத்துலயோ கல்லுலயோ செதுக்கணும்னா ஒரு தேர்ந்த ஆள் பல மணி நேரம் உக்காரணும், அதனாலதான் செதுக்கு வேலை இருக்கற வீடுன்னா பணக்கார வீடுன்னு பார்த்ததுமே தெரியும். இப்ப ஒரு அச்சு செஞ்சாப் போதும், அதே இலையை இரும்புலயும் பிளாஸ்டர்லயும் ஆயிரக்கணக்குல கொட்டிக்கிட்டே இருக்கலாம். சுவர்ல ஒட்டற பேப்பரை ஸ்டீம் இஞ்சின்ல உருளை வச்சு அச்சடிக்கறாங்க. சாதா உலோகத்துக்கு மேல வெள்ளி முலாம் ஏத்தற மின்சார முறை 1840லேர்ந்து பர்மிங்காம்ல வியாபாரமாவே நடக்குது. இரும்புக் கம்பெனிங்க கேட்டலாக் போட்டு, இந்த நம்பர் தூண், அந்த நம்பர் கிராதின்னு விக்கறாங்க, கிளாஸ்கோவுல சாரசன் ஃபவுண்டரி மாதிரி இடத்துலேர்ந்து உலகம் பூரா கப்பல்ல போச்சு. செட்டிநாட்டு வீடுகள்ல பர்மா தேக்குக்குப் பக்கத்துல நிக்கற பூவேலை இரும்புத் தூணெல்லாம் இந்தக் காலத்து சரக்குதான், கடல் தாண்டி வந்ததுதான்.

ஒரு மாசச் சம்பளக்காரன் வீட்டுலயும் பிரபு வீட்டுல இருக்கற மாதிரி ஒரு கிராதி, ஒரு பூ விளிம்பு வந்துருச்சு. நல்ல விஷயம்தானே, எல்லாருக்கும் அழகு கிடைக்குதேன்னு நமக்குத் தோணும். ஆனா ரசனைங்கறது அப்படி வேலை செய்யறதில்ல, எல்லார்கிட்டயும் இருக்கறது எதையும் காட்டாது. பூவேலை பணத்தைக் காட்டாது, கைத்திறமையைக் காட்டாது, அப்புறம் எதுக்கு அது? இந்த இடத்துலதான் படிச்சவங்க, வசதியானவங்க மத்தியில மெஷின் பூவைப் பார்த்தா ஒரு எரிச்சல் ஆரம்பிக்குது. அந்தக் கண்காட்சியை நடத்தின ஹென்றி கோல், உள் அலங்காரத்தைப் பார்த்துக்கிட்ட ஓவன் ஜோன்ஸ், லண்டன்ல அகதியா இருந்த ஜெர்மன் ஆர்க்கிடெக்ட் செம்பர், இவங்களே உள்ள இருந்த சாமானைப் பார்த்து நொந்து போயிட்டாங்க.

ரொம்ப நொந்தவர் வில்லியம் மோரிஸ்ங்கற டிசைனர். மெஷின் வேலை ஆளையும் கெடுக்குது பொருளையும் கெடுக்குதுன்னு சொல்லி, கையால செய்யணும், பொருள் எதால ஆனதோ அதை மறைக்கக் கூடாதுன்னு நின்னாரு. லண்டனுக்கு வெளிய பெக்ஸ்லிஹீத்ல அவருக்காக ஃபிலிப் வெப் கட்டின ரெட் ஹவுஸ், 1859ல ஆரம்பிச்சது, சிவப்புச் செங்கலை சிவப்புச் செங்கலாவே விட்ட வீடு. மேல பூச்சு பூசி கல்லுன்னு ஏமாத்தல, அதுவே அன்னிக்கு புதுசு. 1861ல வீட்டு அலங்காரப் பொருள் செய்யற கம்பெனியும் ஆரம்பிச்சாரு. சிக்கல் என்னன்னா கையால நல்லா செஞ்சா விலை ஏறும், விலை ஏறினா தொழிலாளி வாங்க முடியாது, அந்த மனுஷனோ சோஷலிஸ்ட். பணக்காரங்களோட ஆடம்பரத்துக்கு சேவகம் பண்றதே பொழப்பாப் போச்சேன்னு அவரே புலம்பினதா சொல்வாங்க. மெஷினைத் திட்டி பிரச்சினை தீராதுன்னு அடுத்த தலைமுறைக்குப் புரிஞ்சது இவரோட இந்த முட்டுச் சந்தைப் பார்த்துத்தான்.

சிகாகோ: ரசனை இல்ல, வாடகைக் கணக்கு

இப்ப அமெரிக்கா. 1871 அக்டோபர்ல சிகாகோ ஊர் நடுப்பகுதி எரிஞ்சு சாம்பல், சுமார் 300 பேர் செத்தாங்க, ஒரு லட்சம் பேருக்கு வீடில்ல. எரியாதுன்னு நம்பின வார்ப்பிரும்பு அந்தச் சூட்டுல உருகி ஓடுச்சு. அதுலேர்ந்துதான் இரும்புச் சட்டத்தைச் சுத்தி சுட்ட மண் ஓடு வச்சு மூடற பழக்கம் வலுவாச்சு. ஊரோ ரயில் சந்திப்பு, நிலம் விலை ஏறிக்கிட்டே போகுது, ஒரே மனையில எத்தனை மாடி ஏத்த முடியுமோ அத்தனை வாடகை. ஏத்தலாம், ஆனா அஞ்சாறு மாடிக்கு மேல எவன் படியேறுவான்? அதுக்கு ஓட்டிஸ் இருந்தாரு, 1854ல நியூயார்க்ல ஒரு கண்காட்சியில லிஃப்ட் மேல தானே நின்னுக்கிட்டு கயித்தை வெட்டச் சொல்லி, விழாம நின்னு காட்டின ஆள் (அந்தக் கண்காட்சி ஹாலும் லண்டன் கிரிஸ்டல் பேலஸைப் பார்த்துக் கட்டினதுதான்). 1856ல ஸ்டீலை மொத்தமா செய்யற பெஸ்ஸமர் முறை வந்ததுலேர்ந்து ஸ்டீல் விலையும் இறங்கிக்கிட்டே வந்துச்சு. எல்லாம் ஒண்ணு சேர்ந்து 1885ல வில்லியம் லெ பரோன் ஜென்னி கட்டின ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டிடம், 10 மாடி, பெரும்பாலான வெயிட்டை உலோகச் சட்டமே தாங்கற மாதிரி. அதை 1931ல இடிச்சுட்டாங்க.

சிகாகோவுல எனக்குப் பிடிச்ச கட்டிடம் அது இல்ல, மொனாட்னாக். 1891, 16 மாடி, இது பழைய முறை, சுவரே தாங்குது, அதனால கீழ சுவர் தடிப்பு சுமார் 6 அடி, வாடகைக்கு விடற இடத்தை சுவரே தின்னுருச்சு, போதாக்குறைக்கு அந்த ஊர் களிமண்ல கட்டிடம் வருஷக்கணக்கா அமுங்கி அரை மீட்டர் கிட்ட இறங்குச்சு. இந்தப் பக்கம் இனிமே யாரும் வர வேண்டாம்னு போர்டு வச்ச மாதிரி ஆச்சு. ஆனா அதோட வெளிச்சுவர் பார்த்தா அசந்துருவீங்க, ஒரு பூ கிடையாது, வழவழன்னு செங்கல், 1891ல! காரணம் தத்துவம் ஒண்ணும் இல்ல. பணம் போட்ட பீட்டர் புரூக்ஸ், பாஸ்டன்காரர், கெட்டி. வெளிய நீட்டிக்கிட்டு எதுவும் இருக்கக் கூடாது, நீட்டினா அழுக்கு சேரும், புறாவும் குருவியும் உக்காரும், பலத்துக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்லன்னு லெட்டர்ல எழுதிட்டாரு. ஆர்க்கிடெக்ட் ஜான் ரூட் மொதல்ல அலங்காரமாத்தான் யோசிச்சாரு, கடைசியில இந்தக் கஞ்சத்தனத்தையே ஒரு அழகா மாத்திட்டாரு. மாடர்ன் கட்டிடத்தோட மொட்டைத்தனத்துக்கு ஒரு அப்பன் புறா எச்சம்னு யாராவது சொன்னா நான் சண்டைக்கு வர மாட்டேன்.

சிகாகோ ஆர்க்கிடெக்ட் லூயி சல்லிவனையும் சொல்லாம விட முடியாது, வேலை எதுவோ வடிவம் அதைத் தொடர்ந்து வரும்னு 1896ல எழுதினவர் அவர்தான், மாடர்ன் ஆளுங்க எல்லாம் கொடியில போட்டுக்கிட்ட வாசகம். ஆனா அவரோட கட்டிடத்துல பூவேலைக்குக் குறைச்சலே இல்ல. அதே சிகாகோவுல 1893ல நடந்த உலகக் கண்காட்சிக்கு ஊரே வெள்ளை ரோமாபுரி வேஷம் போட்டுச்சு, உள்ள இரும்புச் சட்டம், வெளிய பிளாஸ்டர் தூண், ஜனம் சொக்கிப் போச்சு. ரசனை நேர்கோட்டுல முன்னாடி போகும்னு நினைக்கறவங்களுக்கு இது நல்ல மருந்து.

பாரிஸ்லயும் இதே இழுபறிதான். ஈஃபில் டவருக்கு எதிரா 1887ல எழுத்தாளர் மாப்பசான், ஓபரா கட்டின கார்னியே எல்லாம் கையெழுத்துப் போட்டு பத்திரிகையில கண்டனம். 1889ல டவர் நின்னுச்சு, 20 வருஷத்துல இறக்கிடணும்னு ஒப்பந்தம், கம்பியில்லாத் தந்திக்கு உதவுதுன்னுதான் தப்பிச்சுச்சு.

நடுவுல ஆர் நூவோன்னு ஒரு முயற்சி. பழைய அலங்காரம் செத்துருச்சு, சரி, இரும்புக்கு ஏத்த புது அலங்காரம் செய்வோம்னு பிரஸ்ஸல்ஸ்ல விக்டர் ஹோர்ட்டா 1893ல டாஸெல் வீட்டு மாடிப்படியில இரும்பைக் கொடி மாதிரி வளைச்சாரு, பாரிஸ்ல கிமார் 1900ல மெட்ரோ வாசலெல்லாம் வளைச்சாரு. அழகுதான். ஆனா பழைய பூவுக்கு ஆன கதியே இதுக்கும், ஃபாக்டரிக்காரன் அதையும் அச்சுல போட்டு மண்ணெண்ணெய் விளக்கு முதக்கொண்டு அடிச்சு வித்தான், 1910க்குள்ள சலிச்சுப் போச்சு.

வியன்னாவுல ஒரு சண்டைக்காரர்

அடால்ஃப் லூஸ்ங்கற ஆர்க்கிடெக்ட். அமெரிக்காவுல மூணு வருஷம் சுத்திட்டு 1896ல வியன்னா திரும்பினவர். அங்க ரிங்ஸ்ட்ராஸ ரோடு பூரா வாடகைக் குடித்தனக் கட்டிடம், ஆனா வெளிய பார்த்தா இத்தாலி பிரபு மாளிகை, அந்தக் கல்வேலையெல்லாம் கல்லே இல்ல, அச்சுல வார்த்து ஆணி அடிச்ச சிமெண்ட். ஊரே பொய் முகப்புன்னு 1898ல எழுதினாரு. அப்புறம் 1910 வாக்குல அலங்காரமும் குற்றமும்னு லெக்சர் குடுக்க ஆரம்பிச்சாரு. பேர் பயங்கரமா இருக்கு, வாதத்துல பாதி சுத்தப் பொருளாதாரம். அலங்காரம் பண்ற தொழிலாளிக்கு கூலி கம்மி, நேரம் ஜாஸ்தி, ஃபேஷன் மாறினதும் நல்ல பொருளையும் தூக்கிப் போடறோம், அவன் உழைப்பும் வீண், பொருளும் வீண். மீதிப் பாதியில பச்சை குத்திக்கறவங்களைப் பத்தியும் பப்புவா மக்களைப் பத்தியும் அவர் சொன்னது படிக்க சகிக்காது, அந்தக் காலத்து ஐரோப்பிய மமதை. அதையும் தெரிஞ்சு வச்சுக்கணும், ஏன்னா எளிமைதான் நாகரிகம்ங்கற பேச்சுக்குப் பின்னாடி யாரை நாகரிகமில்லாதவன்னு சொல்றோம்ங்கறதும் சேர்ந்தே வந்துச்சு.

அவர் கட்டினது மன்னர் அரண்மனைக்கு எதிர்லயே, மிஷாயெலர் பிளாட்ஸ்ல ஒரு உயர்தர தையல் கடை, மேல குடித்தனம். ஜன்னலுக்கு மேல வழக்கமா வர்ற விளிம்பு இல்ல, வெறும் வெள்ளைச் சுவர்ல ஓட்டை. புருவம் இல்லாத வீடுன்னு ஊரே சிரிச்சுச்சு, நகராட்சி வேலையை நிறுத்துச்சு, கடைசியில ஜன்னல்ல பூத்தொட்டி வச்சு சமாதானம் ஆச்சு. ஆனா கீழ்ப் பகுதியைப் பாருங்க, விலை உசந்த கிரேக்க மார்பிள், அதோட ரேகையே அலங்காரம். அதாவது செதுக்கறதை விட்டுட்டாங்க, பணத்தைக் காட்டறதை விடல. அச்சுல அடிக்க முடியாத ஒரு அழகு எதுன்னு தேடினா நல்ல கல்லு, நல்ல தையல், துல்லியமான மூலை இதுலதான் வந்து நிக்கும். வசதியானவங்க ரசனை மொட்டைச் சுவருக்கு மாறின பாதை இதுதான்னு எனக்குத் தோணுது.

ஜெர்மனிக்காரன் மெஷினோட சமாதானம் ஆனான்

ஜெர்மன் சரக்குன்னா மட்டம்னு இங்கிலாந்துல பேரு, 1887ல சட்டமே போட்டு எந்த நாட்டுல செஞ்சதுன்னு முத்திரை குத்த வச்சாங்க. மட்டமான சரக்கை வச்சு ரொம்ப நாள் ஓட்ட முடியாது, தரத்தை ஏத்தணும்ங்கற பேச்சு அங்க வலுத்துச்சு. லண்டன் தூதரகத்துல இருந்து இங்கிலீஷ் வீடுகளைப் பத்தி ஆராய்ஞ்ச ஹெர்மன் முத்தேசியஸ் மாதிரி ஆளுங்க ஊருக்குத் திரும்பி, 1907ல கலைஞர்களையும் கம்பெனிக்காரங்களையும் ஒண்ணா உக்கார வச்சு வெர்க்பண்ட்னு ஒரு சங்கம். மோரிஸ் மெஷினைத் தள்ளி வச்சாரு, இவங்க மெஷினையே நல்லா செய்ய வைப்போம்னாங்க. அதே வருஷம் ஏஇஜி மின்சாரக் கம்பெனி பீட்டர் பெஹ்ரன்ஸ்ங்கற டிசைனரைக் கூப்பிட்டு கெட்டில்லேர்ந்து விளம்பரம், ஃபாக்டரி வரைக்கும் எல்லாத்தையும் அவர் கையில குடுத்துச்சு. 1909 பெர்லின் டர்பைன் ஃபாக்டரி அவர் கட்டினது. ஃபாக்டரியை ஒரு கோயில் கணக்கா கம்பீரமா கட்டலாம்ங்கற எண்ணமே அங்கதான் ஊருக்கு உறைச்சுது. ஆனா அதோட மூலையில பெரிய கல் மாதிரி கனமா தெரியற பகுதி எதையும் தாங்கல, சும்மா மூடி நிக்குது. அவர் ஆபீஸ்ல வேலை பார்த்த, பின்னாடி பவுஹவுஸை ஆரம்பிச்ச க்ரோபியஸுக்கு அது உறுத்தியிருக்கும் போல, 1911ல ஆல்ஃபெல்டுங்கற ஊர்ல அடால்ஃப் மேயரோட சேர்ந்து ஒரு செருப்பு அச்சு ஃபாக்டரி, ஃபாகுஸ், அதுல மூலையில தூணே வைக்கல, கண்ணாடியே திரும்பிப் போகுது. மீஸ், கார்பூசியேன்னு பின்னாடி பெரிய பேர் ஆனவங்களும் அதே பெஹ்ரன்ஸ் ஆபீஸ்ல கொஞ்ச காலம் இருந்தவங்கதான்.

கான்கிரீட் கதை சுருக்கமா: கான்கிரீட்டை அமுக்கினா தாங்கும், இழுத்தா உடையும், கம்பி இழுப்பைத் தாங்கும், வெயில்ல ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரியும், அதனால சண்டை போடாம சேர்ந்து இருக்கும். 1867ல பேட்டன்ட் வாங்கின மோனியேவும் தோட்டக்காரர்தான், பூந்தொட்டிக்காக (ரெண்டாவது தோட்டக்காரர், கவனிச்சீங்களா). அதை பில்லர் பீம் தளம்னு முழு முறையா ஆக்கினவர் ஹென்னெபிக், 1892 பேட்டன்ட். 1904 வாக்குல பெரேங்கற ஆர்க்கிடெக்ட் பாரிஸ்ல ஒரு அபார்ட்மெண்ட்டுக்கு கான்கிரீட் சட்டத்தை முகப்புலயே காட்டினாரு, ஆனா மேல இலை போட்ட செராமிக் ஓடு. முழுசா காட்ட இன்னும் கூச்சம்.

கூச்சத்தைத் தீர்த்தது முதல் உலகப் போர். போர் முடிஞ்சு ஜெர்மனியில வீட்டுப் பஞ்சம், காசும் இல்ல. கூடவே காசநோய் பயம். 1882ல ராபர்ட் கோஹ்ங்கற டாக்டர் அந்த நோயோட கிருமியைக் கண்டுபிடிச்சதுலேர்ந்து வெயில், காத்து, தூசி தங்காத சுவர்னு டாக்டருங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க, கனத்த திரையும் செதுக்கு வேலை நாற்காலியும் தூசிக் கிடங்குன்னு ஆயிருச்சு. வெள்ளைச் சுவர்னா சுத்தம். ஃபிராங்க்ஃபர்ட்ல எர்ன்ஸ்ட் மாய் தலைமையில ஆயிரக்கணக்கான வீடு, 1926ல மார்கரெத்த ஷ்யூட்ட லிஹோட்ஸ்கி அதுக்கு ஒரு சமையல்கட்டு வரைஞ்சாங்க, 1.9க்கு 3.4 மீட்டர்தான், அடுப்புக்கும் தொட்டிக்கும் எத்தனை அடி நடக்கணும்னு கணக்குப் போட்டு, மொத்தமா ஃபாக்டரியில செஞ்சு சுமார் 10,000 வீட்டுல மாட்டினாங்க. இன்னிக்கு மாடுலர் கிச்சன்னு விக்கறதோட மூதாதை அதுதான். பவுஹவுஸ்கூட 1919ல ஆரம்பிக்கும்போது கைத்தொழில் பேசின பள்ளிக்கூடம், 1923 வாக்குலதான் கலையும் டெக்னாலஜியும் ஒண்ணுன்னு கட்சி மாறி, மூணு வருஷத்துல டெஸ்ஸாவ் கண்ணாடிக் கட்டிடத்துக்குப் போச்சு, 1933ல நாஜி நெருக்கடியில மூடினாங்க.

ஒரு குறும்பு உண்மை: மெஷின்ல செஞ்ச மாதிரி தெரியற அந்தக் கால வெள்ளைக் கட்டிடம் பலதும் கையால பூசினதுதான். போட்ஸ்டாம்ல மெண்டல்சோன் கட்டின ஐன்ஸ்டைன் டவர் கான்கிரீட்டை வழிச்சு ஊத்தின மாதிரி இருக்கும், உள்ள பெரும்பகுதி செங்கல், மேல பூச்சு. பூச்சு பூசி கல்லுன்னு ஏமாத்தாதேன்னு ஆரம்பிச்ச சண்டை, பூச்சு பூசி கான்கிரீட்டுன்னு சொல்ற இடத்துக்கு வந்து நின்னுச்சு.

நேர்ல பார்க்கணும்னா நமக்கு ஜெர்மனி வரைக்கும் போக வேணாம், புதுச்சேரியில அரவிந்தர் ஆசிரமத்து கோல்கொண்டே விடுதி இருக்கு. அன்டோனின் ரேமண்ட் டிசைன், ஜார்ஜ் நகாஷிமா சைட்டுலயே இருந்து பார்த்துக்கிட்டது, 1930கள் கடைசியில ஆரம்பிச்ச வேலை, வெறும் கான்கிரீட், பூச்சுக் கூட இல்ல, முகப்பு பூரா திருப்பற பட்டைப் பலகை, வெயிலைத் தடுத்து காத்தை உள்ள விடும். ஐரோப்பாவுல வெயிலுக்கு ஏங்கிக் கண்ணாடி வச்சாங்க, இங்க அதையே வச்சா வெந்துருவோம்னு புரிஞ்சு கட்டினது.

சரி, இவ்ளோ ரசனை மாத்தமும் யாருக்கு நடந்துச்சு? ஆர்க்கிடெக்ட்டுக்கும் கம்பெனி முதலாளிக்கும் படிச்சவங்களுக்கும். குடியிருந்தவங்களுக்கு? போர்டோ பக்கத்துல பெஸாக்ல 1926 வாக்குல ஒரு சர்க்கரை ஆலை முதலாளி கார்பூசியேவை வச்சு சுமார் 50 வீடு கட்ட வச்சாரு, தட்டைக் கூரை, நீள ஜன்னல், மொட்டைச் சுவர். வந்து குடியேறின ஜனம் கொஞ்ச வருஷத்துல நீள ஜன்னலைப் பாதியா அடைச்சாங்க, சரிவுக் கூரை போட்டாங்க, மொட்டை மாடியை மூடி ரூமாக்கினாங்க, ஜன்னலுக்கு மரக்கதவு, சுவருக்கு அலங்காரம்னு அவங்கவங்க இஷ்டத்துக்கு. 2016ல கார்பூசியேவோட மத்த வேலைகளோட சேர்த்து அந்தக் குடியிருப்பும் உலகப் பாரம்பரியப் பட்டியல்ல ஏறிருச்சு, இப்ப பல வீட்டுல அந்த அலங்காரத்தையெல்லாம் எடுத்துட்டு பழையபடி மொட்டையாக்கி வச்சிருக்காங்க.